கடுமையான கொரோனாவுக்குப் பிறகு உடம்பைத் தேற்றுவது எப்படி? வீட்டிலேயே தொடங்க ஒரு செய்முறை

ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்தோ, ஐசியூவில் கிடந்தோ வீடு திரும்பியவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இதை எழுதுகிறேன். பாம்பன், மண்டபம், தேவிபட்டினம் பக்கம் வீடு வீடாகப் போய் பிசியோதெரபி சொல்லிக்கொடுப்பது என் வேலை. இந்தக் கரையில் திரும்பத் திரும்ப இரண்டு வகையைப் பார்க்கிறேன். "நுரையீரல் கெட்டுப்போச்சு, அசையவே கூடாது" என்று மாதக்கணக்கில் கட்டிலோடு வைத்திருப்பது ஒன்று. "நெகட்டிவ் வந்திருச்சுல்ல" என்று அடுத்த வாரமே வலை இழுக்கப் போவது இன்னொன்று. இரண்டுமே ஆளைச் சாய்த்துவிடும்.

நுரையீரல் புண் ஆறுவதற்கு வாரங்கள் போதாது, சிலருக்கு மாதங்கள் ஆகும். அதோடு படுக்கையில் கிடக்கும்போது தொடைத்தசை வெகு வேகமாகக் கரைகிறது. எழுந்து நின்றாலே கால் நடுங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான். தசையைத் திரும்பக் கொண்டுவரலாம். ஆனால் அவசரப்படுத்த முடியாது.

தொடங்கும் முன்

டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் கேளுங்கள்: பயிற்சி செய்யலாமா, ஆக்ஸிஜன் அளவு எவ்வளவுக்குக் கீழே போகக் கூடாது? பெரும்பாலும் 94 என்பார்கள். முன்பே நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வேறு எண் சொல்லலாம். ஒரு ஆக்ஸிமீட்டர், ஒரு நாற்காலி, ஒரு நோட்டு போதும். விரல் ஈரமாகவோ சில்லென்றோ இருந்தாலும், நகப்பூச்சு இருந்தாலும் ஆக்ஸிமீட்டர் தப்பாகக் காட்டும். விரலைத் துடைத்து, தேய்த்துச் சூடாக்கி, அரை நிமிடம் அசையாமல் வைத்துப் பாருங்கள்.

படி 1: மூச்சு வாங்கும்போது உடம்பை வைக்கும் விதம்

இதைத்தான் முதலில் பழக வேண்டும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும்போது மல்லாந்து படுக்காதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து, முன்னால் குனிந்து, முழங்கைகளைத் தொடையில் ஊன்றுங்கள். தோளைத் தளர விடுங்கள். நடுவழியில் வாங்கினால் சுவரிலோ வாசல் நிலையிலோ கைகளை ஊன்றி லேசாக முன்னே சாயுங்கள். படுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், ஒருக்களித்து, தலைக்கும் தோளுக்கும் தலையணைகளை அடுக்கி உயர்த்திக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூச்சு. மூக்கால் மெதுவாக இழுங்கள். சூடான மீன்குழம்பை ஊதி ஆற்றுவது போல உதட்டைக் குவித்து விடுங்கள். இழுத்ததைவிட விடுவதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கட்டும். முக்கி ஊத வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் கொடுத்தனுப்பும் மூன்று பந்துக் கருவியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் போகிற வீடுகளில் பலரும் அதை ஊதிக்கொண்டிருக்கிறார்கள். அது ஊதுவதற்கு இல்லை, இழுப்பதற்கு. மூச்சை வெளியே விட்டுவிட்டு, குழாயை வாயில் வைத்து நிதானமாக உள்ளே இழுக்க வேண்டும். மூன்று பந்தும் எகிற வேண்டும் என்பது இலக்கே இல்லை. ஒரு பந்தை இரண்டு மூன்று விநாடி மேலே நிறுத்தினாலே நல்லது. தலை சுற்றினால் நிறுத்துங்கள்.

படி 2: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது

பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் வழுக்கும். சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதத்தைப் பின்னால் இழுத்து, எழும்போது மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மெதுவாக உட்காருங்கள். பொத்தென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயன் போச்சு. ஐந்து முறை செய்து ஓய்வு. ஆரம்பத்தில் கையை ஊன்றி எழுந்தாலும் சரி. அதற்கு முன்னும் பின்னும் ஆக்ஸிஜனைப் பாருங்கள். 3 புள்ளிக்கு மேல் இறங்கினால் அன்றைக்கு நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 3: நடை

கடற்கரைக் காற்று நல்லது என்று நேராக மணலுக்குப் போய்விடுகிறார்கள். பொதபொதவென்ற மணலில் நடக்கத் தார்ச்சாலையைவிட ரொம்பவே அதிக சக்தி வேண்டும். முதலில் வீட்டுக்குள், பிறகு திண்ணை, பிறகு சமதளமான தெரு, மணல் கடைசியில். வெயில் ஏறுவதற்கு முன்போ சாய்ந்த பிறகோ நடங்கள். ஆடிக்காற்றில் மண் பறக்கிற நாட்களில் உள்ளேயே நடந்தால் போதும்.

எவ்வளவு நடப்பது? மூச்சு வாங்குவதற்கு 0 முதல் 10 வரை மார்க் போடுங்கள். 3-ஐத் தாண்டக் கூடாது. கூட வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். இரண்டு நிமிடத்தில் தொடங்கினாலும் பரவாயில்லை. சில நாள் ஒத்துக்கொண்டால் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

படி 4: மறுநாள் காலையைக் கேளுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் ஞாபகம் வைப்பேன் என்றால் இதை வையுங்கள். இன்று செய்தது சரியா என்பதை இன்று சாயங்காலம் முடிவு செய்ய முடியாது. கொரோனாவுக்குப் பிறகு சிலருக்கு, வேலை செய்யும்போது ஒன்றும் தெரியாது. மறுநாளோ அதற்கும் மறுநாளோ அடித்துப்போட்ட மாதிரி கிடப்பார்கள். உடம்புவலி, தலை கனம், பேசக்கூடத் தெம்பிருக்காது. அப்படி வந்தால் பயிற்சியைக் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். முழுதாகத் தெளிந்த பிறகு பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்குங்கள். திரும்பத் திரும்ப வந்தால் நடையைத் தள்ளிவைத்துவிட்டு, அன்றாட வேலையைப் பங்குபோட்டுச் செய்வதே சிகிச்சை. இதைச் சோம்பல் என்று வீட்டில் யாரும் சொல்ல வேண்டாம், தயவுசெய்து.

நோட்டு இதற்குத்தான். நேற்று என்ன செய்தேன், இன்று எழுந்தபோது எப்படி இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு ஓய்வு என்பதை வீடு கணக்கிலேயே எடுப்பதில்லை. நிறைகுடம் ஒன்று ஏறக்குறைய 15 கிலோ. ஐந்தாறு குடம் ஏற்றிய தண்ணீர் வண்டியைத் தள்ளுவது, பயிற்சியின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர் செய்ய வேண்டிய வேலை. அதுவரை வீட்டு ஆண்கள் தள்ளட்டும். சமையல் காய்கறி உட்கார்ந்தே நறுக்கலாம், குளிக்கும்போது ஸ்டூல் போட்டுக்கொள்ளலாம்.

படி 5: சாப்பாடும் வாசனையும்

தசை வளரப் புரதம் வேண்டும். நம் கரையில் சாளையும் நெத்திலியும் இருக்கும்போது டப்பா பவுடருக்குக் காசைக் கொட்ட வேண்டாம். முட்டை, பாசிப்பயறு, சுறாப்புட்டு எல்லாம் நல்லவை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அளவை டாக்டரிடம் கேளுங்கள். ரத்த அழுத்தம் இருந்தால் கருவாடு வேண்டாம். ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்குச் சர்க்கரை ஏறியிருக்கலாம். கருப்பட்டி என்றாலும் அது ஏறத்தான் செய்யும்.

வாசனை திரும்பாதவர்கள் எலுமிச்சை, கிராம்பு, மல்லிகை, யூகலிப்டஸ் தைலம் ஆகிய நான்கையும் காலை, மாலை தலா 20 விநாடி, அந்த வாசனையை மனதில் நினைத்தபடி முகர்ந்து வாருங்கள். மாதக்கணக்கில் செய்ய வேண்டும். அதுவரை மீன் கெட்டதா என்பதை மூக்கை நம்பி முடிவு செய்யாதீர்கள். செவுளின் சிவப்பையும் கண்ணின் தெளிவையும் பாருங்கள். காஸ் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும்.

படி 6: தொழிலுக்குத் திரும்புவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். தடை முடிந்ததும் விசைப்படகில் ஏறியே ஆக வேண்டும் என்று நாள் குறித்துக்கொண்டு உடம்பை விரட்டுகிறவர்கள் உண்டு. நாள்காட்டி உடம்பைத் தேற்றாது. முதலில் உட்கார்ந்து வலை சரிசெய்யுங்கள். அது இரண்டு வாரம் ஒத்துக்கொண்டால் கரையில் மீன் பிரிக்கப் போகலாம். அப்புறம் ஆள் துணையோடு கரையோரம் நாட்டுப்படகு. இரவு தங்கும் பயணம் எல்லாவற்றுக்கும் பிறகு. நடுக்கடலில் மூச்சு முட்டினால் ஆம்புலன்ஸ் வராது.

மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கம் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிற அக்காமார்களே, நுரையீரலும் இதயமும் சரியாகிவிட்டன என்று டாக்டர் சோதித்துச் சொல்லும்வரை மூழ்க வேண்டாம்.

உடனே ஓட வேண்டிய நேரம்

நெஞ்சுவலி, மயக்கம், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், முன்னால் சாய்ந்து உட்கார்ந்தும் அடங்காத மூச்சு, ஓய்விலும் 94-க்குக் கீழே நிற்கும் ஆக்ஸிஜன் (டாக்டர் வேறு எண் சொல்லியிருந்தால் அது), திடீர்க் குழப்பம், வாய் கோணல். இவற்றில் எது வந்தாலும் 108. ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு நடக்கும்போது தொடை இடுக்கில் வலி வந்தால், அதை வாயுப்பிடிப்பு என்று தைலம் தேய்த்து நாளைக் கடத்தாமல் எலும்பு டாக்டரைப் பாருங்கள். இடுப்பு மூட்டு எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம்.

பிசியோதெரபிக்குப் பணம் இல்லை என்று விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி செய்யும் ஏற்பாடு உண்டு. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள். ஆலோசனைக்கு 104-ஐ அழைக்கலாம். வருகிறவரிடம் டிஸ்சார்ஜ் சீட்டையும் அந்த நோட்டையும் காட்டுங்கள்.