மேசை மேல் ஒரு கன்வேயர், லேப்டாப்பில் அதன் இரட்டை

டிஜிட்டல் ட்வின் (ஓடும் இயந்திரத்துக்குக் கணினியில் ஓர் இரட்டை) என்றதும் பலரும் முப்பரிமாணப் படம் வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் வகுப்புக்கு அது அவசரமே இல்லை. இயந்திரம் எப்படி ஓட வேண்டும் என்று கணக்கு சொல்கிறது. எப்படி ஓடுகிறது என்று சென்சார் சொல்கிறது. பாடம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

தேவையானவை: 12 வோல்ட் 60 ஆர்பிஎம் கியர் மோட்டார், 32 மிமீ ரோலர் இரண்டு, பெல்ட், எல்298என் டிரைவர் (மோட்டாரை இயக்கும் சர்க்யூட்), ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் இரண்டு, ஐஎன்ஏ219 கரண்ட் சென்சார், ஈஎஸ்பி32 போர்டு (வைஃபை உள்ள மைக்ரோகன்ட்ரோலர்), 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், பழைய லேப்டாப்.

ரோலரின் சுற்றளவு சுமார் 10 செமீ, நொடிக்கு ஒரு சுற்று. சென்சார்களை 30 செமீ தள்ளி வைத்தால் பெல்ட் மேல் வைத்த பெட்டி 3 நொடியில் கடக்க வேண்டும். கடக்காது: எல்298என் மட்டுமே ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தின்றுவிடும், மோட்டார் மெதுவாகும். மாணவர்கள் முதலில் 3 என்று கணக்கிட்டு, பிறகு அளந்து பார்க்கட்டும். 10 முறை ஓட்டி வரும் சராசரியை ட்வினில் எதிர்பார்ப்பாகப் போடுங்கள்.

ஐஆர் சென்சாருக்கு 3.3 வோல்ட்டே கொடுங்கள். 5 வோல்ட் கொடுத்தால் அதன் அவுட்புட்டும் 5 வோல்ட் ஆகி ஈஎஸ்பி32 பின்னைக் கெடுக்கும். போர்டுக்கு யூஎஸ்பி, மோட்டாருக்கு அடாப்டர். கிரவுண்டு மட்டும் பொது. மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் இல்லையென்றால் போர்டு அடிக்கடி ரீசெட் ஆகலாம். ஐஎன்ஏ219ஐ அடாப்டரின் பிளஸ் வயரில், டிரைவருக்கு முன்னால் தொடராக இணையுங்கள். கறுப்புப் பெட்டி ஐஆரைத் திருப்பி அனுப்பாது, வெள்ளைத் தாள் ஒட்டுங்கள். ஜன்னல் வெயிலும் ஆகாது.

கடக்கும் நேரத்தை ஈஎஸ்பி32லேயே கணக்கிட்டு அனுப்புங்கள். லேப்டாப்பில் அளந்தால் வைஃபை தாமதமும் சேர்ந்துவிடும். செய்தி எம்க்யூடிடி (கருவிகள் செய்தி அனுப்பும் முறை) வழியாக லேப்டாப்பில் ஓடும் மொஸ்கிட்டோ என்ற செய்தி சர்வருக்குப் போகும், நோட்-ரெட் என்ற மென்பொருள் அதை எதிர்பார்ப்போடு ஒப்பிட்டு வரைபடமாகக் காட்டும். மொஸ்கிட்டோ 2.0 முதல், கான்ஃபிக் கோப்பில் லிசனரும் (எந்த போர்ட்டில் கேட்பது) அனுமதியும் எழுதாமல் வெளிக் கருவி எதுவும் உள்ளே வர முடியாது. பாதி வகுப்பு நேரம் இதில்தான் போகும்.

இனி, மாணவர் பார்க்காதபோது ஒரு கோளாறை வையுங்கள். பெல்ட் தளர்ந்தால் நேரம் கூடும், கரண்ட் கூடாது. ரோலர் உரசினால் இரண்டும் கூடும். 9 வோல்ட் அடாப்டரை மாட்டினால் ஐஎன்ஏ219 காட்டும் வோல்டேஜே சொல்லிவிடும். திரையை மட்டும் பார்த்து, காரணத்தைத் தாளில் எழுதிய பிறகே கன்வேயரைத் தொடவிடுங்கள். பெல்ட்டை இறுக்கும் திருகை அரைச் சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம், கழன்றுவிடும்.