ஓடி முடிச்சதும் ஆக்ஸிஜனா? நான் 18,000 ரூவா குடுத்து பண்ண தப்பு

போன வாரம் தர்மபுரி கிரவுண்டுல, காலைல ஆறு மணி இருக்கும், போலீஸ் செலக்ஷனுக்கு 1500 மீட்டர் ஓடிட்டு வந்த ஒரு பையன் பேக்ல இருந்து சென்ட் டப்பா மாதிரி ஒண்ண எடுத்து மூஞ்சில வச்சு புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிக்கிறான். கேட்டா ஆன்லைன்ல வாங்குன ஆக்ஸிஜனாம். "ரெக்கவரி சார்"ங்கறான், ஓடுன களைப்பு சீக்கிரம் தெளியுமாம். திட்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, ஆனா நான் பண்ணத விடவா?

ஆக்ஸிஜன் விஷயத்துல பண்ற பெரிய தப்ப மட்டும் சொல்றேன், மாஸ்க் கழுவல, டியூப் மடங்கிடுச்சுங்கற சில்லறை தப்பெல்லாம் விட்டுடுறேன்.

மூச்சு எரைச்சா ஆக்ஸிஜன் பத்தலைன்னு நெனைக்கிறது

கொரோனா அடங்குன நேரம், காத்துல இருந்து ஆக்ஸிஜன பிரிச்சுக் குடுக்குற கான்சன்ட்ரேட்டர் மெஷின் பல வீட்டுல சும்மா கெடந்துச்சு. காரிமங்கலம் பக்கம் ஒருத்தர்கிட்ட 5 லிட்டர் மெஷின 18,000 குடுத்து தூக்கிட்டு வந்தேன். 400 மீட்டர் ஓடி வர்ற பசங்கள கோடு தாண்டுன உடனே புடிச்சு சேர்ல உக்காரவச்சு மூக்குல டியூப் மாட்டுறது, இதான் என் ரெக்கவரி. ஒரு பையன் "தலை சுத்துது சார்"னு உக்காந்த எடத்துலயே வாந்தி எடுத்தான், நான் என்ன பண்ணேன், ஆக்ஸிஜன கூட்டி வச்சேன். ரத்தத்துல ஆக்ஸிஜன் எவ்வளவுன்னு பாக்க விரல்ல மாட்டுன மீட்டர் 100க்கு 97 காட்டுது. 97 இருக்கறவனுக்கு இன்னும் எங்க ஏத்துறது? அன்னைக்கு அது தோணல பாருங்க, இப்ப நெனச்சாலும் பத்திக்கிட்டு வருது.

ரத்தத்துல ஆக்ஸிஜன சுமக்குறது ஹீமோகுளோபின். 100 மில்லி ரத்தத்துல அது சுமக்குற ஆக்ஸிஜன் சுமார் 20 மில்லி. டைட்டான மாஸ்க்ல சுத்த ஆக்ஸிஜனே இழுத்தாலும் கூடுதலா ரத்தத்துல கரையறது 2 மில்லி கிட்ட தான். என் மெஷின் குடுக்குறதோ நிமிஷத்துக்கு 5 லிட்டர், நல்லா ஓடி வந்தவன் இழுக்குறது 100 லிட்டர் பக்கம், அப்ப மிச்சமெல்லாம் தர்மபுரி காத்து தானே? அந்தப் பையன் டப்பால 10 லிட்டர்னு போட்டிருந்துச்சு, ஆறு செகண்டுக்கு வரும்.

மூச்சு எரைக்கிறதுக்கு முக்கிய காரணம் ஒடம்புல ஏறுன கார்பன் டை ஆக்ஸைடும் அமிலமும், அத வெளிய தள்ளத்தான் அப்படி எரைக்குது. தலை சுத்துறது வேற கதை. ஓடும்போது கால் சதை தான் ரத்தத்த மேல பம்ப் பண்ணுது, சடக்குன்னு நிறுத்தி உக்காரவச்சா ரத்தம் கால்லயே தங்கிடும், மூளைக்கு கொறையும். ஆக மயக்கத்த வரவச்சதே நான் தான், அதுக்கு வைத்தியமும் நானே பாத்திருக்கேன்! மெதுவா நடந்தா, லேசா ஜாக் பண்ணா, வேகமா ஓடும்போது ரத்தத்துல ஏறுற லாக்டேட்டும் சீக்கிரம் எறங்கும், அதையும் டியூப் மாட்டி கெடுத்தேன். இப்ப பத்து நிமிஷம் கிரவுண்ட சுத்தி நடக்க விடறேன், அப்புறம் உப்பு போட்ட மோர், ராகி கூழ்.

1968ல ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்சிகோ சிட்டி மாதிரி 2,240 மீட்டர் ஒசரம்னா சரி, காத்து மெலிசு, ஆக்ஸிஜனுக்கு வேலை இருக்கு. நம்ம பக்கம் ஓசூரே 900 மீட்டர் சுமார் தான்.

98 காட்டுதுன்னு நம்பிடறது

ரத்தசோகை இருக்கற பொண்ணுக்கும் 98 காட்டும். ஹீமோகுளோபின் பஸ்னா, ஆக்ஸிஜன் பயணி. பஸ்ல சீட்டு ஃபுல்லான்னு தான் அந்த மீட்டர் சொல்லும், எத்தனை பஸ் ஓடுதுன்னு சொல்லாது. சீக்கிரம் களைச்சுப் போறாங்கன்னா ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுங்க, பொண்ணுங்களுக்கு 12க்கு கீழ இருந்தா டாக்டர பாருங்க.

டோப்பிங்ல (ஊக்கமருந்து டெஸ்ட்ல) மாட்டுவோமா?

மாட்டீங்க. மூச்சுல இழுக்குற ஆக்ஸிஜனுக்கு உலக ஊக்கமருந்து தடுப்பு அமைப்போட (WADA) தடை இல்ல.

ஆக்ஸிஜன் பக்கத்துல பீடி, சாம்பிராணி, சிலிண்டர் வால்வுல எண்ணெய்க் கை

வேண்டவே வேண்டாம். தீப்புடிக்கும்.

வெயில்ல விழுந்தவனுக்கு மாஸ்க் தேடறது

மே மாசம் ஓடும்போது ஒருத்தன் ஒளற ஆரம்பிச்சா, ஒடம்பு கொதிச்சா, மொதல்ல நிழலுக்கு இழுங்க, தலையில இருந்து கால் வரைக்கும் தண்ணிய ஊத்திக்கிட்டே இருங்க, விசிறுங்க, இன்னொருத்தன் 108க்கு போன் போடட்டும். மெஷின் இருந்த எடத்துல நான் இப்ப 200 லிட்டர் டிரம் தான் வச்சிருக்கேன், ராத்திரியே ரொப்பிடுவோம்.