கொடைக்கானலில் காற்றும் மழையும் பிடித்துக்கொண்டால் அந்த நாளைக் கழிப்பது எப்படி

ஐப்பசி கார்த்திகையில் கொடைக்கானல் வருகிறீர்கள் என்றால் ஒரு நாளாவது அறைக்குள்ளேயே கிடக்க வேண்டி வரலாம் என்று நினைத்துக்கொண்டே வாருங்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் இங்கேயும் காற்று அடிக்கும், ஏரியில் படகை நிறுத்திவிடுவார்கள், பில்லர் ராக்ஸ் போனாலும் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த கஜா புயல் இந்த மலை வரைக்கும் வந்து மரங்களைச் சாய்த்துப் பாதையை அடைத்தது. இவ்வளவு செலவு செய்து வந்தாயிற்றே என்று மட்டும் வண்டியை எடுக்காதீர்கள்.

காலையில் கரண்ட் இருக்கும்போதே இருக்கிற வாளியிலெல்லாம் தண்ணீர் பிடித்துவிடுங்கள், மோட்டார் நின்றால் குழாயும் நின்றுவிடும். செல்போனை முழுக்க சார்ஜ் ஏற்றி, சிக்னல் போனால் பயப்பட வேண்டாம் என்று வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். அப்புறம் கார் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். மண் ஊறிப்போன நேரத்தில் சீகை மரமும் யூக்கலிப்டஸும் வேரோடு சாயும், அதனால் மரத்தடியில் கார் வேண்டாம், மரத்தை ஒட்டிய அறையாக இருந்தால் வேறு அறை கேளுங்கள். அறைக்குப் பின்னால் வெட்டிய மண் மேடு இருந்து, அதில் புதிதாக விரிசலோ கலங்கல் தண்ணீரோ தெரிந்தால் யோசிக்காமல் வெளியேறி, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்குச் சொல்லுங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்யாதீர்கள். குளிர் தாங்கவில்லை என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ அடுப்பையோ அறைக்குள் கொண்டுவந்து கதவைச் சாத்தித் தூங்கியவர்கள் இதே கொடைக்கானலில் இறந்திருக்கிறார்கள். புகை அடங்கிக் கங்கு மட்டும் கனன்றாலும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வந்துகொண்டுதான் இருக்கும், அதற்கு நிறமும் இல்லை வாசனையும் இல்லை, தலைவலியும் தூக்கமும் வந்தால் குளிரினால் என்றே நினைத்துக்கொள்வோம். வாசலில் சமைத்துவிட்டு மிச்சக் கங்கை உள்ளே எடுத்துவருவதும் அதே ஆபத்துதான். அப்படி யாருக்காவது தலை சுற்றினால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய் 108ஐக் கூப்பிடுங்கள். குளிருக்குக் கூடுதல் கம்பளி கேட்டால் எந்த விடுதியிலும் தருவார்கள். குழந்தைகளுக்கு இரண்டு ஜோடி காலுறை போட்டுவிடுங்கள்.

சாப்பாட்டுக்குக் கவலையே வேண்டாம். சமையலறை உள்ள வீடாக எடுத்திருந்தால், புவிசார் குறியீடு வாங்கிய நம்ம மலைப்பூண்டை முதல் நாளே வாங்கிவைத்து, நான்கு பல் தட்டிப் போட்டு மிளகு ரசம் வையுங்கள், அந்தக் காரம் சமவெளிப் பூண்டில் கிடைக்காது. மதியத்துக்கு ரசமும் சுட்ட அப்பளமும் போதும். சாயங்காலம் சுக்கு காபி. தாயக்கட்டை, சீட்டுக்கட்டு ஏதாவது பையில் இருக்கட்டும், பெரியவர்களும் உட்கார்ந்து ஆடினால்தான் பிள்ளைகள் செல்போனைக் கேட்க மாட்டார்கள்.

காற்று நின்றதும் கிளம்பிவிடாதீர்கள். வத்தலக்குண்டு பாதையா பழனி பாதையா, எது திறந்திருக்கிறது என்று பஸ் நிலையத்திலோ போலீஸிடமோ கேட்டு, நல்ல வெளிச்சத்தில் இறங்குங்கள்.