சிக்னலில் இன்ஜின் அணையவில்லையா? பேட்டரியைப் பாருங்கள்

சேலம் ஐந்து ரோடு சிக்னலில் தானாக அணைந்து, கிளட்சை மிதித்ததும் உயிர்பெறும் ‘ஸ்டார்ட்-ஸ்டாப்’ வசதி கொண்ட கார் உங்களுடையதா? சில வாரங்களாக அது அணையவே இல்லை என்றால் அலட்சியம் வேண்டாம். ஏசி கடுமையாக ஓடினாலும் அப்படி ஆகும். ஆனாலும் முதலில் பேட்டரியைச் சந்தேகியுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ காட்ட வேண்டும். 12.4-க்குக் கீழே என்றால் சார்ஜ் போதவில்லை. கடைவீதிக்கும் வீட்டுக்கும் மட்டுமே ஓடும் வண்டிகளுக்கு இதுதான் நோய். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீண்ட ஓட்டம் கொடுங்கள்.

மாற்றும்போது, விலை குறைவு என்று சாதாரண பேட்டரியைப் போடவே போடாதீர்கள், சீக்கிரம் செத்துவிடும். இந்தக் கார்களில் வருபவை, அடிக்கடி ஸ்டார்ட் ஆவதைத் தாங்கும் இஎஃப்பி அல்லது ஏஜிஎம் வகை பேட்டரிகள். இஎஃப்பி இருந்த இடத்தில் இஎஃப்பி, ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளில், நெரிசலில் ஊர்ந்து ஏறும்போது, பொத்தானை அழுத்தி ஸ்டார்ட்-ஸ்டாப் வசதியை நிறுத்திவைக்கலாம்.