கலிஃபோர்னியாவில் ரீகால் தேர்தலும் ப்ராப்பொசிஷனும்: வாக்களிக்கும் முன் எதை, எப்படிப் படிப்பது?

ரீகால் என்பது பதவியில் இருப்பவரை இடையிலேயே நீக்கலாமா என்று மக்களிடம் கேட்கும் தேர்தல். ப்ராப்பொசிஷன் என்பது மாநிலம் முழுவதும் மக்கள் வாக்குக்கு வரும் சட்டத் தீர்மானம். இரண்டுக்கும் முதல் வேலை, உங்கள் வாக்காளர் பதிவைச் சரிபார்ப்பது. கிரீன் கார்டு போதாது. அமெரிக்கக் குடியுரிமை வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மாநிலச் செயலாளர் அலுவலகத் தளத்தில் ‘மை வோட்டர் ஸ்டேட்டஸ்’ என்ற பக்கம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, ஓட்டுநர் உரிம எண், சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைக் கொடுத்தால் உங்கள் விவரம் வரும். அதில் முகவரியைப் பாருங்கள். வீடு மாறிவிட்டுப் பதிவை மாற்றாமல் விட்டால் வாக்குச்சீட்டு பழைய வீட்டுக்குப் போகும். பதிவுக்குக் கெடு, தேர்தலுக்கு 15 நாள் முன்பு. அதைத் தவறவிட்டாலும் தேர்தல் நாள்வரை கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) தேர்தல் அலுவலகத்துக்கோ வாக்குப்பதிவு மையத்துக்கோ நேரில் போய்ப் பதிந்து, அங்கேயே வாக்களிக்கலாம். பதிவைச் சரிபார்த்த பிறகு அந்த வாக்கை எண்ணுவார்கள்.

கையேடு இரண்டு

மாநிலம் அனுப்பும் வாக்காளர் கையேடு ஒன்று, கவுண்டி அனுப்புவது இன்னொன்று. எண் போட்டு வரும் ப்ராப்பொசிஷன்கள் மாநிலக் கையேட்டில் இருக்கும். ‘மெஷர் ஏ’, ‘மெஷர் பி’ என எழுத்துப் போட்டு வரும் உள்ளூர்த் தீர்மானங்களும் மாதிரி வாக்குச்சீட்டும் கவுண்டிக் கையேட்டில் இருக்கும்.

மாநிலக் கையேட்டை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கத் தேவையில்லை. ‘யெஸ்’ போட்டால் என்ன ஆகும், ‘நோ’ போட்டால் என்ன ஆகும் என்று சுருக்கமாகச் சொல்லும் பகுதியை முதலில் பாருங்கள். அடுத்து, சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் எழுதும் ஆய்வு. இன்று சட்டம் எப்படி இருக்கிறது, எது மாறும், அரசுக்கு எவ்வளவு செலவு என்பதைக் கட்சி சாராமல் சொல்வது இதுதான். ஆதரவு, எதிர்ப்பு வாதங்களைக் கடைசிக்கு வையுங்கள். அந்தப் பக்கங்களின் அடியில், இவை எழுதியவர்களின் கருத்து, எந்த அரசு அமைப்பும் சரிபார்க்கவில்லை என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். பெரிய எழுத்தில் போட்டிருக்கலாம்!

‘ரெஃபரெண்டம்’ என்றால் நிதானம்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சட்டமன்றம் ஏற்கெனவே நிறைவேற்றிய சட்டத்தை எதிர்ப்பவர்கள் கையெழுத்துத் திரட்டி மக்கள் முன் கொண்டுவருவார்கள். கேள்வியோ “அந்தச் சட்டம் இருக்கட்டுமா?” என்பது. 2016-இல் வந்த ப்ராப்பொசிஷன் 67 அப்படித்தான்: பிளாஸ்டிக் பைத் தடைச் சட்டம் நிலைக்க ‘யெஸ்’, அதை நீக்க ‘நோ’. கையெழுத்து வாங்கியவர்கள் பக்கம் நின்றவர் ‘நோ’ போட வேண்டியிருந்தது. 2023-இல் நிறைவேறிய சட்டத்துக்குப் பிறகு, மாநில ரெஃபரெண்டத்தில் ‘யெஸ்’, ‘நோ’வுக்குப் பதில் ‘கீப் த லா’ (சட்டம் இருக்கட்டும்), ‘ஓவர்டர்ன் த லா’ (சட்டத்தை நீக்கு) என்று கேட்கிறார்கள்.

ரீகால் சீட்டில் கேள்வி இரண்டு

ஆளுநர் போன்ற மாநிலப் பதவி என்றால், முதல் கேள்வி: இவரைப் பதவியிலிருந்து நீக்கலாமா? இரண்டாவது: நீக்கினால் அடுத்து யார்? முதல் கேள்விக்குப் பாதிக்கு மேல் ‘யெஸ்’ விழுந்தால்தான் இரண்டாவது பலிக்கும். ஆனால் அதில் ஜெயிக்கப் பாதி வாக்கு வேண்டாம். அதிக வாக்கு வாங்கியவருக்கே பதவி. 2003-இல் ஆளுநர் கிரே டேவிஸ் நீக்கப்பட்டபோது வரிசையில் 135 வேட்பாளர்கள். ஆர்னால்ட் ஷ்வார்ஸ்னேகர் வந்தார். 2021-இல் ஆளுநர் கேவின் நியூசம் பதவி தப்பியது; அப்போது 46 பேர்.

‘நோ’ போட்டவரும் இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லலாம். சொல்வதே நல்லது: சொல்லாவிட்டால், நீங்கள் காப்பாற்ற நினைத்தவர் தோற்றுவிட்டால், அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதில் உங்களுக்குப் பங்கு இருக்காது. பதவியில் இருப்பவரின் பெயரை அங்கே எழுதிப் பயனில்லை, அவர் அதில் போட்டியிட முடியாது. 2023 முதல் உள்ளூர்ப் பதவிகளின் ரீகாலில் முதல் கேள்வி மட்டும்தான்.

உறையை மூடும் முன்

வாக்குச்சீட்டு தேர்தலுக்கு ஏறத்தாழ நான்கு வாரம் முன்பே தபாலில் கிளம்பும். திருப்பி அனுப்பத் தபால்தலை வேண்டாம். உறையின் வெளிப்புறத்தில் கையெழுத்து கட்டாயம்; தேதியும் போடுங்கள். பதிவில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுவார்கள். தமிழில் கையெழுத்திட்டுப் பதிந்தவர் உறையிலும் தமிழிலேயே போடுங்கள். தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்து, தேர்தலுக்குப் பின் 7 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தேர்தல் நாள் மாலை தெருத் தபால்பெட்டியில் போட்டால் மறுநாள் முத்திரை விழக்கூடும். அன்றைக்கு என்றால் இரவு 8 மணிக்குள் அதிகாரபூர்வ டிராப் பாக்ஸில் (வாக்குச்சீட்டு உறை போடுவதற்கென வைத்த பெட்டி) போடுங்கள்.

‘வேர்ஸ் மை பேலட்’ சேவையில் பதிந்துகொண்டால், சீட்டு எங்கே இருக்கிறது என்று குறுஞ்செய்தி வரும். கையெழுத்து ஒத்துவரவில்லை என்று கவுண்டியிலிருந்து கடிதம் வந்தால் தூக்கிப் போடாதீர்கள். கூடவே வரும் படிவத்தில் கையெழுத்திட்டுக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால் வாக்கு எண்ணப்படும். சந்தேகம் இருந்தால் மாநில உதவி எண் 800-345-8683.