விமானம் மாறிச் செல்லும்போது பெட்டியும் போர்டிங் பாஸும்

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து வெளிநாட்டுக்கு நேரடி விமானம் கிடையாது என்பதால், சேலத்துக்காரர்கள் பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூர், திருச்சி ஆகிய ஊர்களில் ஒன்றுக்குச் சென்றுதான் பன்னாட்டு விமானம் ஏற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ செல்பவர் பெரும்பாலும் தோஹா, துபாய் போன்ற இடங்களில் இன்னொரு முறை மாற வேண்டும். பேரப்பிள்ளைகளைப் பார்க்க முதன்முறை புறப்படும் பெரியவர்கள் எங்கள் தெருவில் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: “நடுவில் இறங்கும் ஊரில் பெட்டியை நாம் எடுக்க வேண்டுமா, அதுவாகவே வந்துவிடுமா?” இதற்கான விடை, டிக்கெட் ஒன்றா இரண்டா என்பதையும், வழியில் எந்த நாட்டுச் சுங்கத்தைக் கடக்கிறோம் என்பதையும் பொறுத்தது.

எல்லா விமானங்களும் ஒரே பி.என்.ஆர் எனப்படும் முன்பதிவு எண்ணின் கீழ், அதாவது ஒரே டிக்கெட்டாகப் பதிவாகியிருந்தால், முதல் கவுன்ட்டரிலேயே பெட்டியைக் கடைசி ஊர் வரை டேக் போட்டு அனுப்ப முடியும். முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டாலும், வேறு விமானத்தில் இடம் தரும் பொறுப்பு நிறுவனத்தைச் சேரும். கட்டணம் சற்றுக் குறைகிறது என்பதற்காக இரண்டு டிக்கெட்டுகளைத் தனித்தனியாக எடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட்டும் அங்கிருந்து துபாய்க்கு இன்னொரு டிக்கெட்டும் வைத்திருப்பவர், சென்னையின் உள்நாட்டு முனையத்தில் பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, பன்னாட்டு விமானங்களுக்கான இரண்டாம் முனையத்தில் புதிதாகச் செக்-இன் செய்ய வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பதினைந்து கிலோ, வளைகுடா விமானத்தில் முப்பது கிலோ என்று எடை வரம்பு வேறுபட்டால், கூடுதல் எடைக்கு முதல் கவுன்ட்டரிலேயே பணம் கட்ட நேரும். தனி டிக்கெட்டுகளுடன் வெளிநாட்டில் மாறுவதாக இருந்தால், பெட்டியை எடுக்க அந்நாட்டின் குடியேற்றச் சோதனையைக் கடக்க வேண்டும். அதற்கு விசா தேவைப்படலாம். ஆகவே, அந்த மிச்சம் எனக்கு ஆதாயமாகத் தெரியவில்லை. பெங்களூருக்குக் காரில் செல்பவர்கள் தொப்பூர்க் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால்கூடப் போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றுவிடும் என்பதை நினைவில் வைத்து, அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குவது நல்லது.

கவுன்ட்டரில் கவனிக்க வேண்டியது பெட்டியின் கைப்பிடியில் சுற்றப்படும் அந்த நீளமான காகிதப் பட்டையைத்தான். அதில் பெரிய எழுத்தில் இருப்பது பெட்டி போய்ச் சேரும் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீடு. மாறும் ஊர்களின் குறியீடுகளும் விமான எண்களும் அதனுடன் இருக்கும். ஊர்ப் பெயரை வைத்துக் குறியீட்டை ஊகித்துவிட முடியாது. சேலத்துக்கு எஸ்.எக்ஸ்.வி, சென்னைக்கு இன்றும் மதராஸ் காலத்து எம்.ஏ.ஏ, சிகாகோவின் ஓஹேருக்கு ஓ.ஆர்.டி என்று அவை வழங்குகின்றன. எனவே, புறப்படும் முன்பே கடைசி ஊரின் குறியீட்டைப் பயணச்சீட்டைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பெட்டி பெல்ட்டில் நகர்வதற்கு முன் ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய பயணத்தின் டேக்குகளைக் கிழித்துவிட்டீர்களா என்பதையும், எத்தனை பெட்டி கொடுத்தீர்களோ அத்தனை ரசீதுத் துண்டுகள் கைக்கு வந்தனவா என்பதையும் அப்போதே சரிபார்க்க வேண்டும்.

அந்தத் துண்டுகளைப் பல கவுன்ட்டர்களில் போர்டிங் பாஸின் பின்புறம் ஒட்டித் தருவார்கள். என் தந்தை ஒருமுறை, முதல் விமானம்தான் முடிந்துவிட்டதே என்று அந்தப் பாஸை மாறும் இடத்திலிருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். போய்ச் சேர்ந்த ஊரில் இரண்டு பெட்டிகளில் ஒன்று வரவில்லை. டேக்கின் பத்து இலக்க எண்ணை நான் கைப்பேசியில் படம் பிடித்து வைத்திருந்ததால்தான் அது கிடைத்தது. அன்று முதல், பெட்டி வீட்டுக்கு வந்து சேரும் வரை எந்தச் சீட்டையும் நாங்கள் எறிவதில்லை.

ஒரே டிக்கெட் என்றால் எல்லா விமானங்களின் போர்டிங் பாஸ்களையும் முதல் கவுன்ட்டரிலேயே கேட்டு வாங்குங்கள். அடுத்த விமானத்துக்கான பாஸை அங்கே தர இயலாவிட்டால், மாறும் நிலையத்திலுள்ள டிரான்ஸ்ஃபர் கவுன்ட்டரில் பெற்றுக்கொள்ளலாம். பாஸில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்கள். கேட் எண் கடைசி நேரத்தில் மாறக்கூடும் என்பதால் அறிவிப்புத் திரையையே நம்ப வேண்டும். தோஹாவில் இறங்கியதும் ‘வருகை’ப் பலகையின் பின்னே போகாமல், ‘டிரான்ஸ்ஃபர்’ என்ற பலகையைப் பின்தொடருங்கள். அங்கே கைப்பையை மீண்டும் சோதிப்பார்கள். நூறு மில்லிக்கு மேற்பட்ட திரவம் அனுமதிக்கப்படாது. ஊறுகாயும் நெய்யும் அந்தக் கணக்கில்தான் வரும்.

அமெரிக்காவுக்குச் செல்வோரைக் குழப்பும் இடம் ஒன்று உண்டு. பெங்களூரு, தோஹா, சிகாகோ வழியாக டெட்ராய்ட் செல்பவரின் பெட்டியில் டெட்ராய்ட் வரை டேக் இருந்தாலும், நாட்டுக்குள் நுழையும் முதல் நிலையமான சிகாகோவில் பெட்டியைப் பெல்ட்டிலிருந்து எடுத்து, சுங்கத்தைக் கடந்து, வெளியே வந்ததும் அருகிலேயே உள்ள இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும். புதிய டேக் பெரும்பாலும் தேவைப்படாது. வழியில் வரியில்லாக் கடையில் வாங்கிய பெரிய வாசனைத் திரவப் புட்டிகளை அந்த நேரத்தில் பெட்டிக்குள் வைத்துவிடுவது பாதுகாப்பு. அடுத்த சோதனையில் அவை தடுக்கப்படக்கூடும். அபுதாபி வழியாகச் செல்பவருக்கு அமெரிக்கக் குடியேற்ற, சுங்கச் சோதனைகள் அபுதாபியிலேயே முடிந்துவிடுவதால் இந்த வேலை இல்லை. திரும்பி வரும்போதும் இதே விதிதான்: சென்னையில் இறங்கிச் சேலத்துக்கு உள்நாட்டு விமானம் ஏறுபவர், பொதுவாகச் சென்னையிலேயே பெட்டியை எடுத்துச் சுங்கத்தைக் கடக்க வேண்டும்.

எதை எதில் வைப்பது என்பதில் சுருக்கமாகச் சில. செவ்வாய்ப்பேட்டையில் வாங்கிய வெள்ளிக் கொலுசு, மருந்துகள், மருத்துவர் சீட்டு, பவர் பேங்க் ஆகியவை கைப்பையில் இருக்க வேண்டும்; பவர் பேங்கைச் செக்-இன் பெட்டியில் வைப்பதற்குத் தடையே உண்டு. எண்ணெய்ச் சத்து மிகுந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் கொப்பரையைத் தவிர்த்துவிடுங்கள். ஏற்காட்டுக் காபித்தூளையும் மிளகையும் நன்றாகப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைக்கலாம். மல்கோவா மாம்பழத்தை மட்டும், மகள் எவ்வளவு ஆசையாகக் கேட்டாலும், அமெரிக்காவுக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ எடுத்துச் செல்ல வேண்டாம்.

பெட்டி வராவிட்டால், அந்தக் கூடத்தைவிட்டு வெளியேறும் முன்பே விமான நிறுவனத்தின் பெட்டி முறையீட்டுக் கவுன்ட்டரில் பி.ஐ.ஆர் எனப்படும் புகாரைப் பதிந்து, அதன் எண்ணை வாங்குங்கள். இந்தியா 2009-இல் இணைந்த மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் ஏழு நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து இருபத்தொரு நாட்களுக்குள்ளும் எழுத்து மூலம் முறையிட வேண்டும். இருபத்தொரு நாட்களாகியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகக் கருதி இழப்பீடு கேட்கலாம். இடைப்பட்ட நாட்களில் வாங்கிய உடைகளுக்கும் அவசியப் பொருட்களுக்கும் பில்களைச் சேர்த்து வையுங்கள். புகாரில் சேலத்து முகவரியை எழுதிவிடாமல், அங்கே தங்கப்போகும் வீட்டின் முகவரியையும் அந்நாட்டுக் கைப்பேசி எண்ணையும் கொடுத்தால், பெட்டியை அந்த வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருவார்கள்.