கம்ப்யூட்டர் மிக்ஸரில் அனலாக் நிறம் சேர்ப்பது எப்படி?

கோத்தகிரி, குன்னூர் பக்கம் வீட்டு அறையிலேயே படுகர் பாட்டுப் பதிவு செய்யும் தம்பிமார் பலர் கேட்பது இது: “எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு அண்ணா, ஆனா பாட்டு தட்டையா கேக்குது.” குரலிலும் மைக்கிலும் பெரும்பாலும் குறை இருக்காது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மிக்ஸர், டிராக்குகளை (ஒவ்வொரு குரலுக்கும் கருவிக்குமான தனித்தனிப் பதிவுகளை) கூட்டிக் கொடுப்பதோடு சரி, தன் பங்குக்கு எதையும் சேர்க்காது. பழைய மிக்ஸர் மேஜையிலோ டிரான்ஸ்ஃபார்மர், வால்வு, அப்புறம் டேப் என்று போகிற வழியெல்லாம் ஒலி கொஞ்சம் கொஞ்சம் மாறும். அந்த மாற்றம்தான் அனலாக் நிறம், அதை நாமே சேர்ப்பதைத்தான் சாச்சுரேஷன் என்கிறோம்.

சாச்சுரேஷன் செய்வது ஒலி அலையின் உச்சியை அமுக்குவதுதான். 100 ஹெர்ட்ஸ் ஒலியை இப்படி லேசாக அமுக்கினால் 200, 300, 400 என்று அதன் மடங்குகள் கூடவே பிறக்கும். இவைதான் ஹார்மோனிக்ஸ். அலையின் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒரே அளவு அமுங்கினால் 300, 500 போன்ற ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் வரும். ஒரு பக்கம் அதிகமாக அமுங்கினால் 200, 400 எனும் இரட்டைப்படையும் சேரும். இதனால் கைமேல் கிடைக்கும் பலன் ஒன்று உண்டு. 60 ஹெர்ட்ஸ் பேஸ் போன் ஸ்பீக்கரில் வரவே வராது. ஆனால் அதன் 240, 300, 360 மடங்குகள் ஓரளவு வரும், அதை வைத்தே காது அடிநாதத்தை உணர்ந்துகொள்ளும். நம் பாட்டை முக்கால்வாசிப் பேர் போனில்தான் கேட்கிறார்கள்.

சரி, செய்முறைக்கு வருவோம். நான் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை வைத்துச் சொல்கிறேன், 60 நாள் காசில்லாமல் முழுதாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். கிளாங்ஹெல்மின் ‘ஐவிஜிஐ’, ஏர்விண்டோஸின் ‘கன்சோல்’ இரண்டும் இலவச ப்ளக்இன்கள், அதாவது ரீப்பருக்குள் சேர்த்துக்கொள்ளும் துணை மென்பொருள்கள்.

முதல் படி, சத்தத்தைச் சுத்தம் செய்வது. சாச்சுரேஷன் உரத்ததை அமுக்குவதால், அடியில் கிடக்கும் மெல்லிய ஒலி மேலே வந்துவிடும். ஐப்பசி மழையில் தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்த குரல் என்றால், பாடாத இடங்களை முதலில் வெட்டி எடுங்கள்.

இரண்டாம் படி, அளவு. பலர் தாண்டிப் போய்விடும் படி இதுதான். இவ்வகை ப்ளக்இன்கள் பலவும் சராசரி அளவு மைனஸ் 18 டெசிபல் பக்கம் (கம்ப்யூட்டரில் 0தான் உச்சம்) இருக்கும் என்று கருதிச் செய்யப்பட்டவை. டிராக் அதைவிட மிக உரக்க இருந்தால் குமிழைத் தொடும் முன்பே கரகரக்கும், மிக மெலிதாக இருந்தால் எதுவுமே நடக்காது. ப்ளக்இனுக்குப் பின்னால் வேலை செய்யும் ஃபேடரை (மிக்ஸரில் டிராக்கின் ஒலியளவை ஏற்றி இறக்கும் பிடியை) இதற்குத் தொடாதீர்கள், ஆடியோ கிளிப்பின் அளவைக் கூட்டிக் குறையுங்கள்.

மூன்றாம் படி, குரல் டிராக்கில் ஐவிஜிஐயைப் போட்டு எவ்வளவு அமுக்க வேண்டும் என்பதைக் கூட்டும் டிரைவ் குமிழை மெல்லத் திருப்புங்கள். கரகரப்பு காதில் பட்டதும் நிறுத்தி, கொஞ்சம் பின்னால் வாருங்கள். இப்போது அவுட்புட்டைக் குறைத்து, ப்ளக்இனை அணைத்தாலும் போட்டாலும் சத்தம் ஒரே அளவில் கேட்கும்படி வையுங்கள். இதைக் கட்டாயம் செய்யுங்கள். உரக்கக் கேட்பதெல்லாம் நன்றாக இருப்பதாகவே காதுக்குத் தோன்றும், 1 டெசிபல் கூடினாலே ஏமாந்துவிடுவோம்.

சேர்ந்தது என்ன என்று தனியாகக் கேட்கவும் வழி உண்டு. டிராக்கை நகலெடுத்து, நகலில் ப்ளக்இனை நீக்கிவிட்டு, அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தானை அழுத்துங்கள். பொதுவானதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும், மிச்சம் ஒலிப்பதுதான் ப்ளக்இன் செய்த மாற்றம். புதிதாகப் பழகுகிற எல்லோரும் இதைச் செய்துபார்க்க வேண்டும் என்பது என் ஆசை. கேட்டுவிட்டு நகலை அழித்துவிடுங்கள்.

நான்காம் படி, மிக்ஸர் முழுவதற்கும். ஏர்விண்டோஸ் கன்சோல் இரண்டு துண்டாக வரும். சேனல் துண்டை ஒவ்வொரு டிராக்கிலும் கடைசி ப்ளக்இனாகவும், பஸ் துண்டை எல்லா டிராக்கும் வந்து சேரும் மாஸ்டரில் முதல் ப்ளக்இனாகவும் போடுங்கள். முன்னது அலையை வளைக்கும், பின்னது நிமிர்த்தும். ஒரே டிராக் ஓடினால் பெரிய வித்தியாசம் தெரியாது. பல டிராக்குகள் வளைந்த நிலையில் கூடி, அப்புறம் நிமிரும்போதுதான் நிறம் வருகிறது. இரண்டில் ஒன்றை மட்டும் போட்டால் கணக்கு கெட்டுவிடும்.

எல்லா டிராக்குக்கும் ஒரே அளவு வேண்டாம். தோல்கருவிக்கும் பேஸ் கிட்டாருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் ஊதும் நாகஸ்வர வகைக் குழலில் இயல்பாகவே ஹார்மோனிக்ஸ் நிறைந்திருக்கிறது, அதைத் தொடாமல் விடுவதே மரியாதை என்பேன்.

ஜால்ரா, சலங்கை போன்ற கூர்மையான ஒலிகளில் இன்னொரு சிக்கல் உண்டு. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்தெடுக்கும் (44,100 ஹெர்ட்ஸ்) பதிவில், அதில் பாதியான 22,050 ஹெர்ட்ஸுக்கு மேல் இடமில்லை. 9,000 ஹெர்ட்ஸின் மூன்றாம் மடங்கான 27,000 அங்கே முட்டித் திரும்பி, 17,100இல் பொருந்தா ஒலியாக வந்து விழும். ப்ளக்இனில் ஓவர்சாம்பிளிங் (உள்ளே இன்னும் அதிக முறை அளந்து இந்தத் திரும்பலைக் குறைக்கும் வசதி) இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அந்த டிராக்கில் டிரைவை வெகுவாகக் குறைத்துவிடுங்கள்.